ஏப்ரல் ட்ரிப்: எல்.டி.ஏ. கணக்குல யாரெல்லாம் ‘குடும்பம்’?

புனித வெள்ளியோட சேர்த்து நாலு நாள் லீவு. சென்னைல இருந்து ஊட்டி. மனைவி, அப்பா, அம்மா, மாமியார், கூடவே ரெண்டு ஆபீஸ் நண்பர்கள். இந்த டிக்கெட்டை எல்.டி.ஏ.ல கிளெய்ம் பண்ணலாமா?

முதல்ல நீங்க எந்த வரி முறைன்னு பாருங்க. புதிய முறைன்னா எல்.டி.ஏ.வுக்கு விலக்கே கிடையாது. 2023-24ல இருந்து அதுதான் டீஃபால்ட். பழையது வேணும்னா நீங்கதான் கேட்டு வாங்கணும்.

பழைய முறைன்னா மேல படிங்க. இந்தியாவுக்குள்ள போன பயணக் கட்டணம் மட்டும்தான் கணக்கு. ஹோட்டல், சாப்பாடு, போட் சவாரி எதுவும் வராது.

மனைவி டிக்கெட் ஓகே. அப்பா, அம்மா, தம்பி, தங்கை இவங்க உங்க வருமானத்தை நம்பி இருக்கணும். அப்பா நல்ல பென்ஷன் வாங்குறாருன்னா அவர் டிக்கெட்டைச் சேர்க்காதீங்க. மாமியார் உங்க வீட்லயே இருந்தாலும் லிஸ்ட்ல இல்லை (இதை அவங்ககிட்ட சொல்லிட்டு இருக்க வேண்டாம்!). நண்பர்களுக்கு சான்ஸே இல்லை.

சிக்கல் எங்க வருதுன்னா, நண்பர் ஒருத்தர் அவர் அக்கவுண்ட்ல எல்லாருக்கும் சேர்த்து புக் பண்ணுவார், நீங்க அவருக்கு ஜிபே பண்ணுவீங்க. ஆபீஸ்ல யார் கட்டணம் எவ்வளவுன்னு நோண்டுவாங்க. கிளெய்ம் பண்ற குடும்ப டிக்கெட்டை உங்க அக்கவுண்ட்ல தனியா போடுங்க. லீவ் அப்ரூவல் மெயிலையும் அதோட சேவ் பண்ணி வைங்க.