மூக்கில் விடும் குச்சி

காய்ச்சல், இருமல் என்று போனால், மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுக்கிறார்கள். ஏன்?

ஃப்ளூ, கொரோனா வைரஸ்கள் அங்கேதான் பெருகுகின்றன.

குச்சி நுனியில் இருப்பது பருத்திப் பஞ்சு அல்ல, செயற்கை இழை. மரக்குச்சியும் ஆகாது. சோதனை கெட்டுவிடும்.

எடுத்ததைத் திரவக் குழாயில் போட்டு, பெயர், தேதி எழுதி, மூன்று அடுக்குப் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்புகிறார்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் 3 நாள் தாங்கும். அதற்குமேல் வைக்க மைனஸ் 70 டிகிரி வேண்டும்.

2020 ஜனவரியில் கேரளாவில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியைக் கண்டதும், புனே தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையச் சோதனையில்தான்.

நோய் கண்ட முதல் 3, 4 நாளில் எடுப்பதே நல்லது. "லீவு கிடைக்காது" என்று தள்ளிப்போட்டால் வைரஸ் குறைந்துவிடும். நோய் இருந்தும் "இல்லை" என்று முடிவு வரலாம்.

ஒரே அறையில் உங்களோடு படுப்பவர்களை நினையுங்கள்!