அழுக்கைப் பிரிப்போம், மறைக்க வேண்டாம்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வந்து நான் போட்ட முதல் கரும்பு, இரண்டே முக்கால் ஏக்கர். கோ 86032 ரகம். வெட்டிய கரும்பு, ஆலையில் முறை வராமல் மூன்று நாள் வெயிலில் கிடந்தது. நான்காம் நாள் பிழிந்து காய்ச்சினோம். அச்சில் ஊற்றிய பாகு, பொழுது சாய்ந்தும் இறுகவில்லை. அல்வா மாதிரி கையில் ஒட்டியது. அந்தக் கொப்பரை முழுக்க நட்டம்.

அடுத்த கொப்பரைக்கு, பாகு காய்ச்சும் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு மூட்டை சீனியக் கொட்டினா கட்டிரும் சார். ஒரு கைப்பிடி ஐட்ராஸ் போட்டா தங்கமாட்ட நிறம் வந்துரும். யாவாரியும் மறுபேச்சு பேச மாட்டாருங்க." சீனிக்கு நான் ஒப்பவில்லை. ஐட்ராஸுக்கு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வெல்லம் பளீரென்று வந்தது, நல்ல விலைக்கும் போனது. வீட்டுக்கு எடுத்து வைத்த ஏழெட்டு அச்சு மட்டும் இரண்டு மாதத்தில் பழுப்பேறிப் போனது. அதைப் பேத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் வாங்கிப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகள்?

அதற்குப் பிறகுதான் வெல்லத்தின் வேதியியலைப் படிக்க உட்கார்ந்தேன்.

ஐட்ராஸ் என்ன செய்கிறது?

சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் பெயர். நம்ம பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. அது சாற்றிலுள்ள நிறப்பொருளை வெளுக்க வைக்கும், அவ்வளவுதான். ஒரு துளி அழுக்கைக்கூட வெளியே எடுக்காது. காற்றுப் படப்பட நிறம் திரும்பிவிடும். கந்தகம் வெல்லத்திலேயே தங்கும். வங்கியில் வாராக்கடனை மார்ச் 31-க்குள் அதே ஆளுக்குப் புதுக்கடன் கொடுத்து அடைத்துக் காட்டுவார்கள். கணக்கு சுத்தமாகத் தெரியும், கடன் அப்படியே இருக்கும். ஐட்ராஸும் அந்த வேலைதான்.

சாற்றில் என்னதான் இருக்கிறது?

பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்த சர்க்கரை, கொஞ்சம் குளுக்கோஸ், பிரக்டோஸ், அமிலங்கள், புரதம், பசை, உப்புகள், மெழுகு, மண். வெல்லம் காய்ச்சுவது என்றால் இந்தக் கலவையிலிருந்து வேண்டாததை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது.

முதலாவது, வடிகட்டல். துணியில் வடித்து, சற்று நேரம் தெளியவிட்டால் மண்ணும் சக்கைத்தூளும் நின்றுவிடும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. புதுச்சாறு லேசான அமிலம், பி.எச். அளவு ஐந்தரைக்குக் கீழே இருக்கும். அமிலத்தோடு கொதித்தால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸுமாகப் பிரிந்துவிடும். இவை எளிதில் படிகமாகாது, ஈரத்தையும் இழுக்கும். எனது முதல் கொப்பரை இறுகாமல் போனதற்கும் இதுதான் காரணம். வெட்டிப் போட்ட கரும்புக்குள்ளேயே அந்த உடைப்பு தொடங்கிவிடுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, பி.எச். தாளில் 6-க்கும் 6.5-க்கும் இடையில் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதிகமானால் வெல்லம் கறுத்துவிடும், ஜாக்கிரதை.

மூன்றாவது, வெண்டைத்தண்டு. பச்சைத்தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் வழவழவென்று சாறு வரும். சூடேறும் கரும்புச்சாற்றில் இதை ஊற்றினால், திரிந்த புரதத்தையும் நுண்ணிய அழுக்கையும் அந்த வழவழப்பு பிடித்துக்கொண்டு மேலே வரும். கறுப்பாகக் கெட்டியாக ஆடை கட்டும். அந்த நேரத்தில் தீயைத் தணித்து, பொறுமையாக அரித்து எடுக்க வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் அழுக்கு மறுபடி கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. மொத்த வேலையில் கண் எடுக்கக்கூடாத நேரம் இதுதான்.

நான்காவது, நீரை ஓட்டுவது. நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும். நுரை பொங்கினால் சில சொட்டு கடலை எண்ணெய். 105 டிகிரி செல்சியஸ் அளவில் இறக்கினால் பாகு வெல்லம், 118-ஐ ஒட்டி அச்சு வெல்லம், 120-ஐத் தாண்டினால் நாட்டுச்சர்க்கரை. நான் வெப்பமானி பார்க்கிறேன். அண்ணன் பச்சைத்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்துச் சொல்கிறார். இருவர் கணக்கும் ஒன்றாகத்தான் வருகிறது.

காட்டிலேயே தொடங்குகிறது

நல்ல வெல்லம் கொப்பரையில் பாதி, காட்டில் பாதி. யூரியாவை அள்ளிப் போட்டாலும், உப்புத்தண்ணீர் பாய்ச்சினாலும் சாற்றில் உப்பும் தழைச்சத்துப் பொருட்களும் கூடி, வெல்லம் நிறம் மங்கும், சீக்கிரம் கசியும். தொழுவுரம், பசுந்தாள் உரம் என்று மாறிய பிறகு எங்கள் வெல்லம் மழைக்காலத்திலும் முன்போலக் கசிவதில்லை. முற்றிய கரும்பையே வெட்டுங்கள். சர்க்கரை குறைந்த நுனியைக் கழித்துவிடுங்கள். ஆலையில் முறை உறுதியான பிறகு அரிவாளை எடுங்கள், 24 மணி நேரத்துக்குள் பிழிந்துவிடுங்கள். நூறு கிலோ கரும்புக்குச் சுமார் பத்து கிலோ வெல்லம் கிடைக்கும்.

வாங்குபவர்களுக்கு

கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்து, அதில் எலுமிச்சைச்சாறு விட்டால் பொங்குகிறதா? சுண்ணாம்புப் பொடி கலப்படமாக இருக்கலாம். ஆனால் சீனி கலந்ததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் முழுதாகக் கரைந்துவிடும். அங்கே காய்ச்சியவரின் சொல்தான் சாட்சி. அதனால்தான் யாரும் ஆலைக்கு வந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

எங்கள் வெல்லம் இப்போது பழுப்பு நிறம்தான். வியாபாரி இன்னும் விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார். முதல் இரண்டு வருடம் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. இப்போது பெரும்பகுதி நேரடியாக வீடுகளுக்குப் போகிறது.

போன வாரம் வெண்டைக்காய் ஓய்ந்த பாத்தியை அழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலியோரம் நின்று சத்தம் போட்டார். "சார், அந்தத் தண்டக் குப்பையில போட்றாதீங்க. நாளைக்கிக் கொப்பரைக்கு வேணுமுங்க."