கூனி மூட்டையும் கன உலோகமும்

ஜீயபுரத்திலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் நம் கடைகளுக்குச் சென்னாக்கூனியும் காய்ந்த இறாலும் மூட்டை மூட்டையாக வருகின்றன. அவை எந்த நீரில் பிடிபட்டவை என்பது வியாபாரிகளாகிய நாமும் அறிய வேண்டிய விஷயமாகும்.

இறால், நண்டு, மட்டி, சிப்பி ஆகியவை புரதமும் துத்தநாகமும் நிறைந்த உணவு. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டியே இரை தேடுகின்றன. அந்நீரில் ஆலைக் கழிவு கலந்தால் காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய கன உலோகங்கள் உடலில் சேர்ந்துவிடும். இறாலிலும் நண்டிலும் காட்மியம் பெரும்பாலும் செரிமானச் சுரப்பியில் தங்கும். கூனியை நாம் தலையோடுதான் உண்கிறோம்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகம் இதற்கு நல்ல உதாரணம். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவுகளும் பல ஆண்டுகளாக அங்கே சேர்ந்துள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்தது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டவர்களுக்குப் பாதரசத்தால் நரம்பு நோய் ஏற்பட்டது 1956ஆம் ஆண்டு வெளிப்பட்டது.

நஞ்சைச் சமாளிக்கவே சேமிப்பைச் செலவிடுவதால் இவ்வுயிரினங்களின் சதையில் புரதமும் கொழுப்பும் குறைகின்றன. உண்பவரின் சிறுநீரகத்தில் காட்மியம் பல ஆண்டுகள் தங்கும். இரும்புச் சத்துக் குறைந்த பெண்களின் உடல் இதை இன்னும் கூடுதலாக உறிஞ்சுகிறது.

கழுவினாலும் வேகவைத்தாலும் இந்த உலோகங்கள் நீங்கிவிடுவதில்லை. காய வைத்தால் நீர் மட்டுமே போகும். ஐந்து கிலோ இறால் காய்ந்து ஒரு கிலோவானால், ஐந்து கிலோவில் இருந்த உலோகம் அந்த ஒரு கிலோவில் இருக்கும். பார்த்தோ முகர்ந்தோ இதை அறிய இயலாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

எல்லாச் சரக்கும் கெட்டது என்பதல்ல. பிடித்த இடத்தைப் பொறுத்தே தரம் அமைகிறது. ஆகவே மொத்த வியாபாரியிடம் பிடித்த இடத்தைக் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி கொள்முதல் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு, 27ஆம் பிரிவின்படி விற்றவரே பொறுப்பாவார். பில்லைப் பத்திரப்படுத்துவது வாடிக்கையாளருக்கும் நமக்கும் ஒருங்கே பாதுகாப்பு.