கிலோ கணக்கில் போகும் வரலாறு

எல்லோரும் பத்திரப்படுத்துவது வெற்றிச் செய்தி வந்த பேப்பரை. அரிதாகிப்போவது மற்ற நாட்களின் பேப்பர்

1983 ஜூன் 25. லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் கடைசி விக்கெட் விழுந்தபோது இந்தியாவில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலைப் பத்திரிகையை மடித்துப் பீரோவில் வைத்த வீடுகள் ஏராளம். அதனாலேயே அதற்குப் பெரிய விலை கிடையாது. எல்லோரும் காப்பாற்றிய ஒன்று எப்படி அரிதாகும்? அதே தேதியிட்ட வெளியூர்ப் பதிப்பு வேறு ரகம். சீக்கிரமே அச்சாகி ரயிலேறிவிடும் அந்தப் பதிப்பில் கபில் தேவ் கோப்பையைத் தூக்கிய சேதி இருக்க வழியில்லை. அதை எடுத்து வைக்க யாருக்குத் தோன்றும்? விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் தேடுவது அதைத்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18இல், டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தவித்தது. பிறகு கபில் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார். அந்த ஆட்டத்தின் டெலிவிஷன் பதிவு கிடையாது. ஸ்கோர் விவரம், சில புகைப்படங்கள், நேரில் பார்த்த நிருபர்கள் எழுதியவை, இவைதான் மிச்சம்.

டெலிவிஷனுக்கு முந்தைய இந்திய விளையாட்டு ஏறக்குறைய முழுவதும் இப்படித்தான் காகிதத்தில் இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா 8-1 என ஜெர்மனியை வென்றது. தியான் சந்த் அடித்தது மூன்று கோல் என்பாரும் உண்டு, ஆறு என்பாரும் உண்டு. 1950 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா போகாததற்குக் காரணம் வெறுங்காலுடன் ஆடத் தடை என்ற கதை இன்னமும் உலவுகிறது. ஆனால் கால்பந்து சம்மேளனம் அன்று சொன்ன காரணங்கள் வேறு: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, போதிய பயிற்சிக்கு நேரமின்மை. இம்மாதிரி வழக்குகளைத் தீர்க்க அந்தந்த ஆண்டின் பேப்பரைத்தான் புரட்டவேண்டும்.

நாளிதழ்களைவிடப் பரிதாபமானது வார இதழ்களின் கதி. சென்னையில் 'இந்து' குழுமம் 1947 முதல் 1968 வரை நடத்திய 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்', 1952இல் தியான் சந்தின் சுயசரிதையையே புத்தகமாக வெளியிட்டது. பம்பாயிலிருந்து 'ஸ்போர்ட்ஸ்வீக்' வந்தது. கல்கத்தாவிலிருந்து பட்டோடியை ஆசிரியராகக் கொண்ட 'ஸ்போர்ட்ஸ்வேர்ல்டு'. 1978இல் பிறந்த 'ஸ்போர்ட்ஸ்டா'ருக்கு எதிரி அதன் வாசகர்களேதான். நடுப்பக்க வண்ணப் படத்தைக் கிழித்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டாத மாணவன் உண்டா? எனவே நடுப்பக்கம் பிய்க்கப்படாத பழைய பிரதிக்குத் தனி மதிப்பு. அட்டை, இணைப்பு, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே விலை பேசவேண்டும்.

செய்தித்தாள் நீடித்து இருப்பதற்காகச் செய்யப்படுவதல்ல. மலிவான மரக்கூழில் உள்ள லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது. நாளடைவில் அமிலம் கூடி, மடித்த இடத்தில் முதலில் ஒடிகிறது. ஆசையோடு செய்யும் காரியங்களே பலமுறை கேடாக முடிகின்றன. லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே தாள் பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருக்கும். செலோ டேப்பின் பசை ஊறிக் கறையாகும். கடற்கரை ஊர்களில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துப் பக்கத்தைத் தின்னும். பின்னை மெல்லக் கழற்றிவிட்டு, விரித்த நிலையில், அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்குள் படுக்கவைப்பதே நல்லது. பரண் ஆகாது. வெயில் காலத்தில் அது அடுப்பு. அடிக்கடி எடுத்துப் பார்ப்பதற்கு செல்போனில் பிடித்த படம் போதும்.

1954ஆம் ஆண்டுச் சட்டமும் 1956இல் அதற்கு வந்த திருத்தமும், பத்திரிகைப் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பவேண்டும் என்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பதிப்பும் அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது. மாவட்ட லீக் முடிவுகளும் ரயில்வே அணிகளின் ஆட்டங்களும் இடம்பெறுவது அந்த ஊர்ப் பதிப்பில்தான், அதுவும் மூலையில் நான்கு வரி.

பழைய பேப்பர்காரரின் தராசுக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது. வடக்கே அதற்குப் பெயர் 'ரத்தி'. தில்லி தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019இல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையிலும், கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டிலும் பொறுமைசாலிக்கு எப்போதாவது ஒரு கட்டு சிக்கலாம். ஆனால் வீட்டில் பெரியவர் காலமானதும் பேரன் அலமாரியைக் காலி செய்யும் நாளில்தான் பெரும்பாலானவை போய்விடுகின்றன. மாநில அணிக்கு ஆடியவர், சான்றிதழை வெள்ளத்திலோ வீடு மாற்றுவதிலோ தொலைத்தவர், நலிந்த வீரர்களுக்கான உதவித்தொகைக்கு மனு எழுதும்போது இணைப்பதற்கு அந்த நான்கு வரியைத்தான் தேடுகிறார்.