பல் சக்கரத்தில் ஏறும் மலை ரயில்



எனக்கு ஊர் மேட்டுப்பாளையம். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். சின்ன வயசிலிருந்து ஊட்டி ரயிலின் விசில் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அது எப்படி மலை ஏறுகிறது என்பது, டிப்ளமோ சேர்ந்து கியர் பாடம் நடத்தியபோதுதான் புரிந்தது.

சாதாரண ரயிலில் வழவழப்பான இரும்புச் சக்கரம், வழவழப்பான தண்டவாளத்தில் உராய்வை நம்பித்தான் ஓடுகிறது. கல்லாறு தாண்டினால் சுமார் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அங்கே உராய்வு போதாது, சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல் சக்கரம் இதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். ஒரு பட்டையின் பல்லும் அடுத்ததன் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, மாறி மாறி இருக்கும். ஒன்று விடுவதற்குள் மற்றது பிடித்துவிடும். எந்த நேரமும் பிடி உண்டு.

எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து தண்டவாளச் சக்கரங்களைச் சுற்றும். பல் பாதைக்கு வந்ததும், அந்த இரண்டும் வேலை முடித்து வெளியே விடும் நீராவியை வீணாக்காமல் மேலே உள்ள மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கும் அனுப்புகிறார்கள். அவைதான் பல் சக்கரத்தைச் சுற்றுகின்றன. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் காம்பவுண்ட் எஞ்சின் இதுதானப்பா!

எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "மேட்டுல பாரவண்டிக்கு எப்பவும் பொறத்தாலதான் கண்ணு நிக்கோணும். முன்னால இழுக்கறப்ப கயிறு அந்துச்சுன்னா வண்டி போச்சு" என்றார். கப்ளிங் அறுந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்த 46 கிலோமீட்டர் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்படிப்பட்ட பாதைகள் தானாகப் பிழைப்பதில்லை. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சின்ன ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951-ல் ரயில் பிரியர்களே சம்பளம் வாங்காமல் அதை ஏற்று ஓட்டினார்கள். உலகிலேயே தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில் பாதை அது. முன்னின்றவர் ரோல்ட் என்ற எழுத்தாளர். அவரும் பட்டறையில் அப்ரண்டிஸாக இருந்தவர்தான்.

"பல்லு தேஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். புதிதாகத்தான் செய்யவேண்டும், கடையில் கிடைக்காது. நம்முடைய எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை. ஆனால் 2021-ல் நிலக்கரியில் ஓடும் புதிய எக்ஸ் கிளாஸ் எஞ்சினை நம் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே செய்து முடித்தார்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷினில் கியர் வெட்டக் கற்கிறோமே, அதே வேலைதான், அளவுதான் பெரிசு.

அந்த ரயிலில் அப்பா இதுவரை ஏறியதே இல்லை, நானும்தான். இந்தப் பரீட்சை முடிந்ததும் இரண்டு டிக்கெட் எடுக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்