போடிநாயக்கனூருக்கு எத்தனை எழுத்து?

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: போ, டி, நா, ய, க், க, னூ, ர். மொத்தம் எட்டு. ஆனால், உங்கள் போனைக் கேட்டால் 14 என்று சொல்லும்! 'ப' ஒரு குறி, அதோடு சேரும் 'ோ' இன்னொரு குறி, மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறி. யூனிகோடு முறை இப்படித்தான் தமிழைச் சேமிக்கிறது. இதையும் டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010-ம் ஆண்டு தரக் குறியீடுகளாக அறிவித்தது.

"இந்தக் கணக்கு நமக்கெதற்கு?" என்கிறீர்களா? போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர் போனிலேயே ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரைப் படிவம் ஏற்காவிட்டால் மலையிறங்கி வரவேண்டும். ஒரு நாள் கூலி போச்சு!

படிவமோ செயலியோ உருவாக்கும் இளைஞரா நீங்கள்? இவற்றைக் கவனியுங்கள்.

1. இடம் தாராளமாக விடுங்கள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். போடிநாயக்கனூருக்கு 42 பைட் தேவை. 40-தான் ஒதுக்கினால் கடைசிப் புள்ளி காணாமல் போகும்.

2. 'எழுத்து மட்டுமே' என்று விதி எழுதாதீர்கள். யூனிகோடு கணக்கில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகை அல்ல, துணைக்குறி வகை. அந்த வகையையும் அனுமதிக்காவிட்டால் 'போடி' என்ற பெயரே தவறு என்று வரும். முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளிக்கும் இடைவெளிக்கும் இடம் கொடுங்கள்.

3. ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். 'ோ' ஒரே குறியாகவும் வரலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 14 குறி 15 ஆகிவிடும், தேடினால் பெயர் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. முறைக்கு மாற்றி, முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

4. குறுஞ்செய்தியைச் சுருக்குங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். விண்ணப்ப எண்ணையும் முடிவையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

5. சிக்னலை நம்பாதீர்கள். மலைச்சரிவில் நடுவிலேயே போய்விடும். நிரப்பியதைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் தொடரச் செய்யுங்கள்.

சரி, விண்ணப்பிக்கும் நாம் என்ன செய்யலாம்? பெயரை வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாமல், போனின் தமிழ் விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அனுப்பும் முன் பெயரின் கடைசி எழுத்துவரை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். மலையிறங்கும் அலைச்சல் மிச்சம்.