ஒரு கட்டுரை, ஐயாயிரம் முகவரி

கோலா சிலாங்கூர் பற்றிப் பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். பாசிர் பெனம்பாங்கில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் தேடுகிறீர்கள். முடிவுகளில் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வரும். இதிலென்ன வியப்பு என்கிறீர்களா? அந்த ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான முகவரிகள் இருக்கலாம்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யாராவது ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பழைய வடிவம் அழியாது. தனி முகவரியுடன் அங்கேயே இருக்கும். 100 முறை சேமிக்கப்பட்ட கட்டுரைக்கு 100 வடிவங்கள். அவற்றில் எந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் ஒரு முகவரி. கணக்குப் பாடத்தில் கைகுலுக்கல் கணக்கு செய்திருப்பீர்களே, அதேதான்: 100 × 99 ÷ 2 = 4,950.

தேடுபொறியின் ரோபோ என்பது ஒரு மென்பொருள். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குச் செல்லும். படித்ததை எடுத்துவந்து, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல ஓர் அட்டவணை உருவாக்கும். மேற்சொன்ன எல்லா முகவரிகளிலும் அது நுழைந்தால், நேரமும் கணினியின் உழைப்பும் வீண். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கட்டுரையில் தவறாக இருந்த ஓர் ஆண்டை நேற்று ஒருவர் திருத்தியிருப்பார். பழைய வடிவமும் அட்டவணையில் ஏறினால், திருத்திய தவறு உங்கள் குறிப்புக்குள் மீண்டும் வந்துவிடும்.

இதைத் தடுக்க ‘ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்றொரு சிறு கோப்பு இருக்கிறது. மார்ட்டின் கோஸ்டர் 1994-இல் முன்மொழிந்த வழி இது. 2022-இல்தான் முறையான இணையத் தரமாக வெளியிடப்பட்டது. விக்கிப்பீடியாவில் கட்டுரைகளின் முகவரி ஒரு பாதையிலும், பழைய வடிவங்கள், ஒப்பீடுகளின் முகவரி வேறொரு பாதையிலும் அமைந்திருக்கும். இரண்டாவது பாதைக்குள் வராதே என்று ஒரே வரி எழுதினால் போதும். அந்தக் கோப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு: மெதுவாக வரும் நட்பான ரோபோக்கள் கட்டுரைகளைப் பார்க்கலாம், உடனுக்குடன் உருவாக்கப்படும் பக்கங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று. ரோபோவிடம் இத்தனை மரியாதையா என்று சிரிக்கலாம். ஆனால் இது பூட்டு அல்ல, அறிவிப்புப் பலகை. மதிக்காத ரோபோ உள்ளே போய்விடும். இரகசியம் எதையும் இதை நம்பி வைக்கக்கூடாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ‘உள்ளே வராதே’ என்பது வேறு, ‘பட்டியலில் சேர்க்காதே’ என்பது வேறு. உள்ளே வராத ரோபோ பக்கத்தைப் படிக்காது. ஆனால் வேறொரு தளம் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், வெறும் முகவரியாகவே அது தேடல் முடிவில் தோன்றலாம். பட்டியலில் சேர்க்காதே என்பதற்குப் பக்கத்துக்குள்ளேயே ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறியை எழுத வேண்டும். ரோபோ உள்ளே வந்தால்தானே அந்தக் குறியைப் படிக்கும்? ஆகவே கதவை மூடிவிட்டு உள்ளே ‘நோஇண்டெக்ஸ்’ எழுதி வைப்பதில் பயனில்லை.

பக்கத்தை மறைக்கவும் கூடாது, இரட்டிப்பாகவும் கூடாது என்றால்? நம் ஊரைக் கோலா சிலாங்கூர் என்றும் குவாலா சிலாங்கூர் என்றும் எழுதுகிறோம். எப்படித் தேடி வந்தாலும் வாசகருக்குக் கட்டுரை கிடைக்க வேண்டும். இதற்காக விக்கிப்பீடியாவில் ‘வழிமாற்று’ப் பக்கங்கள் உண்டு. வழிமாற்றின் வழியே திறக்கும் பக்கத்தில் ‘கெனானிக்கல்’ என்ற குறி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரோபோவுக்குத் தெரியும். ‘மூலப் பக்கத்தின் முகவரி இதுதான்’ என்று அது சொல்கிறது. கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் மூன்றும் போட்டியாளர்களாக இருந்தும் 2009 பிப்ரவரியில் சேர்ந்து அறிவித்த ஏற்பாடு இது. இதுவும் கட்டளை அல்ல. இரண்டு பக்கங்களின் உள்ளடக்கம் ஒத்துப்போகவில்லை என்று தோன்றினால், தேடுபொறி குறியை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு மூலத்தைத் தேர்ந்துகொள்ளும்.